கீழ்விரி பட்டியல் தேர்வைத் தரவுத்தளத்தில் சேமித்தல்

கீழ்விரி பட்டியல் என்பது வலைப்படிவங்களில் இடம்பெறும் ஒரு தேர்வுப் பெட்டி ஆகும். அதைச் சொடுக்கினால் பெயர்கள் கீழ்நோக்கி விரியும். அவற்றுள் ஒன்றைப் பயனர் தேர்ந்தெடுப்பார். நிரலர்கள் பேச்சுவழக்கில் இதை டிராப்டவுன் என்பர். மாவட்டம், வட்டம், பாடப்பிரிவு, வங்கிக் கிளை போன்றவற்றைக் கேட்கும் படிவங்கள் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகின்றன. இப்பெயர்கள் பொதுவாக வலைப்பக்கத்தில் நேரடியாக எழுதப்படுவதில்லை. தரவுத்தளத்தில் உள்ள ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டப்படுகின்றன. பயனர் தேர்ந்தெடுத்தபின் அத்தேர்வு மீண்டும் தரவுத்தளத்திற்கே சென்று, வேறோர் அட்டவணையில் சேமிக்கப்படுகிறது.

இதில் பயனர் பார்ப்பது ஒரு பெயர். சேமிக்கப்படவேண்டியது அப்பெயர் அன்று. அப்பெயர் எந்த வரியிலிருந்து வந்ததோ அந்த வரியின் அடையாளமே சேமிக்கப்படவேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் செயலிகள் முதல் நாளில் சரியாகவே இயங்கும். பட்டியல் மாறும் நாளில்தான் பழுது தெரியும். இக்கட்டுரையில் தமிழ்நாட்டு மாவட்டப் பட்டியலும், கல்வி உதவித்தொகை கேட்டு மாணவர் நிரப்பும் ஒரு கற்பனை விண்ணப்பப் படிவமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. அவ்விண்ணப்பம் எந்த மாவட்ட அலுவலகத்திற்குப் போகவேண்டும் என்பதை அந்தப் பட்டியலில் செய்யும் தேர்வே தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வு தவறாகச் சேமிக்கப்பட்டால் விண்ணப்பம் வேறோர் ஊர் அலுவலகத்தின் வரிசையில் போய்க் கிடக்கும்.

பட்டியல் உருவாகும் விதம்

எச்.டி.எம்.எல். மொழியின் இரண்டாம் பதிப்பு 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியானது. செலக்ட், ஆப்ஷன் என்னும் இரு குறிச்சொற்கள் அதிலேயே இடம்பெற்றிருந்தன. இன்றுவரை அவையே வழக்கில் உள்ளன. செலக்ட் என்பது பெட்டி. ஆப்ஷன் என்பது அதனுள் இருக்கும் ஒவ்வொரு தெரிவு.

ஒவ்வொரு தெரிவுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று திரையில் தெரியும் எழுத்து. மற்றொன்று வேல்யூ எனப்படும் மறைவான மதிப்பு. மாவட்ட அட்டவணையில் 17 என்ற அடையாள எண்ணுடன் ஈரோடு இருக்கிறது என்று கொள்வோம். அப்போது தெரிவின் எழுத்து 'ஈரோடு' என்றும், மதிப்பு 17 என்றும் அமைக்கப்படும். பயனர் ஈரோட்டைத் தேர்ந்து 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியதும், உலாவி வழங்கிக்கு அனுப்புவது 'மாவட்டம் 17' என்ற செய்தியை மட்டுமே. 'ஈரோடு' என்ற சொல் பயனரின் திரையிலேயே நின்றுவிடுகிறது. மதிப்பு எதுவும் கொடுக்கப்படாத தெரிவானால் மட்டும் உலாவி அதன் எழுத்தையே மதிப்பாக அனுப்பும். தொடக்கநிலை நிரலர் பலர் இந்த வசதியை நம்பி மதிப்பை எழுதாமல் விட்டுவிடுவதால், அவர்களின் தரவுத்தளத்தில் எண்ணுக்குப் பதில் பெயர்கள் நிறைந்துவிடுகின்றன.

செய்தி வந்து சேர்ந்ததும் வழங்கியில் இயங்கும் நிரல் அந்த 17ஐ எடுத்து, சரிபார்த்து, விண்ணப்ப அட்டவணையில் 'மாவட்ட எண்' என்னும் புலத்தில் எழுதுகிறது. பின்னர் விண்ணப்பத்தைத் திரையில் காட்டும்போது இரு அட்டவணைகளையும் இணைத்து, 17க்கு உரிய பெயரை எடுத்துக் காட்டுகிறது.

பெயரா, எண்ணா?

ஓர் அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் புலம் முதன்மைச் சாவி எனப்படும். அதே மதிப்பு வேறோர் அட்டவணையில் சுட்டாக எழுதப்படும்போது அது அயற்சாவி. 1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட் வெளியிட்ட உறவுசார் தரவு மாதிரியில் இவ்விரு கருத்துகளும் இடம்பெற்றன. கீழ்விரி பட்டியலில் செய்யப்படும் தேர்வு, காட் சொன்ன அயற்சாவிக்கு மிக எளிய எடுத்துக்காட்டு.

பெயரையே சேமித்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி எழலாம். தரவுத்தளத்தைத் திறந்து பார்ப்பவருக்கு 17 என்பதைவிட 'ஈரோடு' என்பது எளிதில் புரியும் என்பது உண்மைதான். ஆனால் தமிழில் இதற்குக் கொடுக்கவேண்டிய விலை அதிகம்.

முதலாவது, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்கள் கணினிக்கு வெவ்வேறாக இருக்கலாம். 'ஈரோடு' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடு முறையில் இருவிதமாக எழுத முடியும். ஒரே குறியீடாக எழுதலாம். அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியீடுகளாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்ளவேண்டும் என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தேடல் அவற்றை இரு வேறு ஊர்களாகவே எண்ணும். 'ஈரோடு மாவட்ட விண்ணப்பங்கள் எத்தனை?' என்று கேட்டால் ஒரு பகுதி மட்டுமே கணக்கில் வரும். புதுக்கோட்டைக்கும் இதே நிலைதான்.

இரண்டாவது, ஒரே பெயர் இரண்டு இடங்களுக்கு இருக்கலாம். வேலூரிலிருந்து 2019இல் பிரிக்கப்பட்டது திருப்பத்தூர் மாவட்டம். சிவகங்கை மாவட்டத்திலும் திருப்பத்தூர் என்று ஒரு வட்டம் உண்டு. 'திருப்பத்தூர்' என்ற எழுத்தை மட்டும் சேமித்து வைத்திருந்தால், அது வடக்கே உள்ள ஊரா, தெற்கே உள்ள ஊரா என்று பின்னாளில் யாராலும் சொல்ல முடியாது. அடையாள எண்ணுக்கு இந்த ஐயம் இல்லை.

மூன்றாவது, பெயர்கள் மாறும். ஆப்பிரிக்க நாடான சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி என்று பெயர் மாறியது. ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் உலகத் தரத்தில் அந்நாட்டுக்கு வழங்கப்பட்டிருந்த 'எஸ் இசட்' என்னும் ஈரெழுத்துக் குறி மாறவில்லை. குறியைச் சேமித்திருந்த செயலிகள் நாடுகள் அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் திருத்தின. பழைய பதிவுகள் அனைத்தும் புதிய பெயரைக் காட்டின. பெயரைச் சேமித்திருந்த செயலிகளோ ஒவ்வொரு பதிவையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

மொழி மாற்றத்திற்கும் இதுவே வழி. ஒருவர் படிவத்தைத் தமிழில் திறந்து 'தூத்துக்குடி' என்பதைத் தேர்கிறார். இன்னொருவர் ஆங்கிலத்தில் திறந்து அதே ஊரைத் தேர்கிறார். எண்ணைச் சேமித்தால் இரண்டும் ஒரே மாவட்டம். எழுத்தைச் சேமித்தால் இரண்டு மாவட்டம். ஆங்கிலத்தில் தூத்துக்குடி என்றும் டூட்டிகொரின் என்றும் எழுதும் வழக்கங்களையும் சேர்த்தால் மூன்றாகிவிடும்.

கவனிக்கவேண்டிய இன்னொன்று: பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற வரிசை எண்ணை ஒருபோதும் சேமிக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 2019இன் தொடக்கத்தில் 32 மாவட்டங்கள் இருந்தன. அவ்வாண்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகிய ஐந்தும், 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆயின. அகரவரிசையில் இடையில் ஒரு பெயர் நுழைந்தாலே அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றின் வரிசை எண்ணும் ஒன்று தள்ளிப்போகும்.

தொடாமலே தேர்வாகும் முதல் பெயர்

கீழ்விரி பட்டியலில் நேரும் தவறுகளுள் மிக அமைதியானதும், அதனாலேயே மிகக் கெடுதலானதும் இதுதான். ஒரே தெரிவை ஏற்கும் சாதாரணப் பட்டியலில் எதுவும் முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால், உலாவி முதல் தெரிவையே தேர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். இது உலாவியின் பிழை அன்று, எச்.டி.எம்.எல். விதியே அப்படித்தான்.

மாவட்டப் பட்டியலில் அகரவரிசைப்படி முதலில் நிற்பது அரியலூர். ஆகவே பெட்டியைத் தொடவே தொடாத ஒவ்வொருவரும் அரியலூர்க்காரர் ஆகிவிடுகின்றனர். எண் சரியானது, மாவட்டம் உண்மையானது, தரவுத்தளம் எந்தக் குறையும் சொல்லாது. நாகர்கோவிலில் இருக்கும் மாணவரின் விண்ணப்பம் அரியலூர் அலுவலகத்திற்குப் போய்ச் சேரும். தவறு நடந்தது மாணவருக்கும் தெரியாது, அலுவலகத்திற்கும் தெரியாது. மாதங்கள் கழித்துப் புள்ளிவிவரம் எடுக்கும்போது, மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவில் ஒரு மாவட்டத்தின் எண்ணிக்கை வீங்கியிருப்பதைக் கண்டுதான் ஐயம் வரும். அப்போதும் எவர் உண்மையான அரியலூர்க்காரர், எவர் பெட்டியைத் தொடாதவர் என்று பிரிக்க வழி இருக்காது.

இதைத் தடுக்க, பட்டியலின் முதல் தெரிவாக 'மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற வரியை வைத்து அதன் மதிப்பை வெறுமையாக விடவேண்டும். பெட்டி கட்டாயம் என்பதைக் குறிக்கும் ரிகொயர்டு என்னும் பண்பையும் செலக்ட் குறிச்சொல்லில் சேர்த்தால், வெறுமையான மதிப்புடன் படிவத்தை அனுப்ப உலாவி மறுக்கும். அதன் மதிப்பாக 0 என்று எழுதுவது சிலரது பழக்கம். அது நல்லதன்று. 0 என்பதும் ஒரு மதிப்பே என்பதால் கட்டாயச் சோதனையை அது கடந்துவிடும்.

விடை சொல்லாமல் இருப்பதும், 'பொருந்தாது' என்று சொல்வதும் ஒன்றல்ல. வெளிமாநிலத்தில் வசிப்பவருக்குத் தமிழ்நாட்டு மாவட்டம் பொருந்தாது. அவருக்காக 'தமிழ்நாட்டிற்கு வெளியே' என்று ஒரு தெரிவைத் தனியே தரவேண்டும். விடையே இல்லாத நிலைக்கு நல் எனப்படும் வெற்று மதிப்பைப் பயன்படுத்த வேண்டும்.

தவறித் தேர்வதும் நடக்கும். தமிழ்நாட்டில் 'திரு' என்று தொடங்கும் மாவட்டங்கள் மட்டும் ஏழு: திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர். கைப்பேசித் திரையில் விரல் சற்று நழுவினால் திருவள்ளூர் திருவாரூர் ஆகிவிடும். சமர்ப்பிக்கும் முன் தேர்ந்த பெயரை ஒருமுறை பெரிய எழுத்தில் காட்டி உறுதி கேட்பது, எந்த நிரல் உத்தியையும்விட இதற்கு நல்ல மருந்து.

தமிழ் அகரவரிசை

பெயர்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போதே வரிசைப்படுத்தி எடுப்பது வழக்கம். தமிழுக்குரிய வரிசை விதி அமைக்கப்படாத இடத்தில் கணினி யூனிகோடு எண்களின் வரிசையைப் பின்பற்றும். அந்த வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே வருகிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். இதன் விளைவை மாவட்டப் பட்டியலிலேயே காணலாம். யூனிகோடு எண்படி கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வரும். பள்ளியில் கற்ற வரிசைப்படி கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வரவேண்டும். 38 பெயர்களில் இது பெரிய தொல்லை அன்று. சில நூறு ஊர்கள் உள்ள பட்டியலில், தம் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததால் 'என் ஊர் இதில் இல்லை' என்று பயனர் முடிவுகட்டிவிடுவார்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 10ஆம் பதிப்பிலிருந்து ஐ.சி.யு. நூலகத்தின் மொழிவாரி வரிசை விதிகளைப் பயன்படுத்தலாம். அவ்வசதி இல்லாத இடங்களில் மாவட்ட அட்டவணையிலேயே 'வரிசை' என்று ஒரு புலம் சேர்த்து, சரியான இடத்தைக் கையால் எழுதிவைப்பது எளிய வழி. அந்தப் புலம் காட்டுவதற்கு மட்டுமே. சேமிப்பது எப்போதும் அடையாள எண்ணைத்தான்.

வழங்கியின் சரிபார்ப்பு

பட்டியலில் 38 தெரிவுகளே இருக்கும்போது வேறு எந்த எண் வந்துவிடப் போகிறது என்று எண்ணக்கூடாது. ஒவ்வொரு உலாவியிலும் பக்கத்தின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கும் கருவி இருக்கிறது. அதில் 17 என்பதை 9999 என்று மாற்றிச் சமர்ப்பிக்கப் பத்து விநாடி போதும். உலாவியே இல்லாமல் வழங்கிக்கு நேராகச் செய்தி அனுப்பவும் முடியும். கீழ்விரி பட்டியல் நல்லெண்ணம் உள்ளவருக்கு உதவும் வசதி; அது காவல் அன்று.

ஆகவே வந்த மதிப்பை வழங்கி மூன்று நிலைகளில் பார்க்கவேண்டும். அது எண்ணா? அந்த எண்ணுள்ள வரி அட்டவணையில் இருக்கிறதா? அந்த வரியைத் தேர்ந்தெடுக்க இந்தப் பயனருக்கு உரிமை உண்டா?

மூன்றாவதையே பலரும் மறக்கின்றனர். ஒரு பள்ளிச் செயலியில் வகுப்பாசிரியர் மாணவரைத் தேர்ந்து மதிப்பெண் பதிவிடும் படிவம் இருக்கிறது என்று கொள்வோம். பட்டியலில் அவருடைய வகுப்பு மாணவர்கள் 40 பேர் மட்டுமே தெரிகின்றனர். யாரேனும் மதிப்பை மாற்றி அடுத்த வகுப்பு மாணவரின் எண்ணை அனுப்பினால், அது எண்தான். அந்த மாணவரும் உண்மையாகவே இருக்கிறார். முதல் இரண்டு சோதனைகளும் அதை விட்டுவிடும். வேறொரு வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண் மாறிவிடும். வலைச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்து ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது இவ்வகை அணுகல் கட்டுப்பாட்டுத் தவறுதான். பட்டியலைக் காட்டும்போது எந்த நிபந்தனையுடன் வரிகள் எடுக்கப்பட்டனவோ, சேமிக்கும்போதும் அதே நிபந்தனையுடன் தேடிப் பார்ப்பதே தீர்வு. ஜாங்கோ சட்டகத்தின் மாதிரித் தேர்வுப் புலம் இதைத் தானே செய்கிறது: தனக்குக் கொடுக்கப்பட்ட தொகுப்பில் இல்லாத வரியை அது ஏற்காது. லாராவெல் சட்டகத்தின் எக்சிஸ்ட்ஸ் விதி, கூடுதல் நிபந்தனை சேர்க்கப்படாவிட்டால், வரி அட்டவணையில் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் எளிதில் ஏமாறுவார்.

வந்த மதிப்பை எஸ்.க்யூ.எல். கட்டளையோடு எழுத்தாக ஒட்டிவிடக்கூடாது என்பதும் இங்கே சொல்லத்தக்கது. எண்ணுக்குப் பதிலாக யாரேனும் ஒரு கட்டளைத் துண்டை அனுப்பினால் தரவுத்தளம் அதையும் நிறைவேற்றிவிடும். கட்டளையில் இடம் மட்டும் விட்டு, மதிப்பைத் தனியே கொடுக்கும் முறையையே கையாளவேண்டும்.

இவை எல்லாம் நிரலின் வேலை. நிரல் தவறினாலும் பிடிக்கும் கடைசிக் கை, தரவுத்தளத்தில் அறிவிக்கப்படும் அயற்சாவிக் கட்டுப்பாடு. மாவட்ட அட்டவணையில் இல்லாத எண்ணை விண்ணப்ப அட்டவணையில் எழுத அது விடாது. படிவம் திறந்திருக்கும் சில நிமிடங்களுக்குள் நிர்வாகி அந்தத் தெரிவையே நீக்கிவிட்டால்கூட இக்கட்டுப்பாடு காத்துநிற்கும். ஆனால் அது உண்மையில் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்.க்யூ.லைட் தரவுத்தளத்தில் அயற்சாவிச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் அதை இயக்கவேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் வகை அட்டவணைகளோ அயற்சாவி அறிவிப்பைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் புறக்கணித்துவிடும்.

மாவட்டமும் வட்டமும்

மாவட்டத்தைத் தேர்ந்ததும் அதற்குரிய வட்டங்கள் மட்டும் இரண்டாவது பெட்டியில் தோன்றும் படிவங்களைப் பலரும் கண்டிருப்பர். இதற்கு வட்ட அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் அதன் மாவட்ட எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் பெட்டியில் தேர்வு மாறியதும் உலாவி பின்னணியில் வழங்கியிடம் கேட்டு இரண்டாம் பெட்டியை நிரப்புகிறது. பயனர் தென்காசியைத் தேர்ந்து, சங்கரன்கோவில் வட்டத்தையும் தேர்ந்தபின், மனம் மாறி மதுரைக்குத் தாவினால் இரண்டாவது பெட்டி வெறுமையாக வேண்டும். இல்லையேல் மதுரை மாவட்டத்தில் சங்கரன்கோவில் என்று சேமிக்கப்படும்.

இந்த முரண்பாட்டை அடியோடு நீக்க ஒரு வழி உண்டு. வட்ட எண்ணை மட்டும் சேமித்தால் போதும். வட்டம் தெரிந்தால் மாவட்டம் தெரிந்துவிடும். இரண்டையும் சேமித்தால், ஒரே உண்மை இரண்டு இடத்தில் எழுதப்பட்டதாகும். இரண்டு இடத்தில் எழுதப்பட்டவை ஒருநாள் ஒன்றோடொன்று முரண்படும்.

2019ஆம் ஆண்டின் மாவட்டப் பிரிப்பை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்குமுன் உளுந்தூர்பேட்டை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. விண்ணப்பங்களில் 'விழுப்புரம்' என்ற மாவட்ட எண் மட்டும் இருந்தால், அவற்றுள் எவை இனி கள்ளக்குறிச்சிக்கு உரியவை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. விண்ணப்பதாரர் ஒவ்வொருவரையும் மீண்டும் கேட்கவேண்டும். வட்ட எண் சேமிக்கப்பட்டிருந்தால் வட்ட அட்டவணையில் உளுந்தூர்பேட்டையின் மாவட்ட எண்ணை மாற்றினால் போதும். அதைச் சுட்டும் விண்ணப்பங்கள் எல்லாம் தாமே இடம் மாறிவிடும். வட்டமே பிளவுபட்டு, சில கிராமங்கள் மட்டும் இடம் மாறும்போது இதுவும் போதாது. அதனால்தான் நிலம், வருவாய் தொடர்பான செயலிகள் கிராமம் வரை கேட்கவேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2018இல் அளித்த ஒரு சான்றிதழில் மாவட்டம் விழுப்புரம் என்றே அச்சாகியிருக்கும். வட்டத்தின் மாவட்ட எண் மாறியபின் அதே சான்றிதழை மறுபடி அச்சிட்டால் கள்ளக்குறிச்சி என்று வரும். அன்றைய நாளில் அப்படியொரு மாவட்டமே இல்லை. எனவே சான்றிதழ், பற்றுச்சீட்டு போன்ற ஆவணங்களில், எண்ணோடு அன்றைய பெயரையும் படியெடுத்துச் சேமிப்பது முறை. புத்தகக் கடைச் செயலியில் விலையைச் சேமிப்பதும் இப்படித்தான்: எந்தப் புத்தகம் என்பதற்கு எண், என்ன விலைக்கு விற்றது என்பதற்கு அன்றைய தொகை. புத்தகத்தின் விலை நாளை ஏறினாலும் நேற்றைய பற்றுச்சீட்டு ஏறக்கூடாது. மேலே பெயரைச் சேமிக்கக்கூடாது என்று சொன்னதற்கு இது முரண் அன்று. இங்கே பெயர் அடையாளமாக அன்று, நடந்ததற்குச் சாட்சியாக வைக்கப்படுகிறது.

நீக்கப்படும் தெரிவுகள்

ஒரு பாடப்பிரிவு மூடப்பட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். அதற்காக அட்டவணையிலிருந்து வரியையே அழித்தால், அதைத் தேர்ந்திருந்த பழைய மாணவர்களின் பதிவுகள் ஆதாரமற்று நிற்கும். அயற்சாவிக் கட்டுப்பாடு எப்படி அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும்: அழிக்க விடாது, அல்லது மாணவர் பதிவில் பாடப்பிரிவை வெறுமையாக்கும், அல்லது மாணவர் பதிவுகளையும் சேர்த்தே அழித்துவிடும். மூன்றாவதான காஸ்கேடு முறையை இத்தகைய பட்டியல்களில் வைப்பது வீட்டுக்குள் கொள்ளிக்கட்டையை வைப்பதற்குச் சமம். வரியை அழிக்காமல், 'நடப்பில் உள்ளதா' என்ற புலத்தைச் சேர்த்து 'இல்லை' என்று குறிப்பதே பாதுகாப்பானது. புதிய படிவங்களில் அது தோன்றாது. பழைய பதிவுகளில் பெயர் தெரியும்.

ஒருமுறை பயன்பட்ட அடையாளத்தை வேறொன்றுக்கு மறுபடி வழங்குவதும் கூடாது. நாட்டுக் குறிகளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 'சி எஸ்' என்பது செக்கோஸ்லோவாக்கியாவின் குறியாக இருந்தது. 1993இல் அந்நாடு இரண்டாகப் பிரிந்தது. 2003இல் அதே குறி செர்பியா மொண்டெனேகுரோவுக்கு வழங்கப்பட்டது. 2006இல் அதுவும் பிரிந்தது. 'சி எஸ்' என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு பழைய பதிவைப் பார்ப்பவர், அது எழுதப்பட்ட ஆண்டு தெரியாமல் எந்த நாடு என்று சொல்ல முடியாது.

பல தெரிவுகள்

தெரிந்த மொழிகள் போன்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரும். அப்போது உலாவி ஒரே பெயரில் பல மதிப்புகளை அனுப்பும். அவற்றைக் காற்புள்ளியிட்டு ஒரே புலத்தில் எழுதுவது தவறு. விண்ணப்ப எண், மொழி எண் என்ற இரு புலங்கள் கொண்ட இணைப்பு அட்டவணையில் ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு வரி எழுதவேண்டும். திருத்தும்போது பழைய வரிகளை நீக்குவதும் புதியவற்றை எழுதுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கவேண்டும். இடையில் மின்சாரம் போனால் மொழி ஒன்றும் தெரியாதவராக ஒருவர் நின்றுவிடக்கூடாது.

திருத்தும் படிவம்

புதிய படிவத்தைச் சோதிப்பவர்கள் திருத்தும் படிவத்தைச் சோதிக்க மறந்துவிடுகின்றனர். சேமித்த விண்ணப்பத்தை மாணவர் மீண்டும் திறக்கும்போது, அவர் முன்பு தேர்ந்த மாவட்டம் தேர்ந்த நிலையிலேயே காட்டப்படவேண்டும். இதற்காக நிரல் ஒவ்வொரு தெரிவின் மதிப்பையும் சேமித்த எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்துவதில் செலக்டெட் என்ற அடையாளத்தை இடுகிறது. படிவத்திலிருந்து வரும் மதிப்பு எழுத்துச்சரமாக இருக்கும். தரவுத்தளத்திலிருந்து வருவது எண்ணாக இருக்கும். வகையையும் சேர்த்து ஒப்பிடும் மொழிகளில் எழுத்தாக உள்ள 17உம் எண்ணாக உள்ள 17உம் பொருந்தா. எதுவும் பொருந்தாததால் எதுவும் தேர்வாகாது. முதல் வரி வெறுமையாக இல்லாவிட்டால் உலாவி அரியலூரைத் தேர்ந்துவிடும். மாணவர் தம் தொலைபேசி எண்ணை மட்டும் திருத்திவிட்டுச் சேமிப்பார். மாவட்டம் மாறியிருக்கும்.

'நடப்பில் இல்லை' என்று குறிக்கப்பட்ட தெரிவுக்கும் இதே ஆபத்து உண்டு. புதியவர்களுக்குக் காட்டக்கூடாது என்பதற்காக எல்லாப் படிவங்களிலும் அதை மறைத்தால், அதை முன்பே தேர்ந்திருந்தவரின் திருத்தும் படிவத்திலும் அது இருக்காது. ஆகவே திருத்தும் படிவத்திற்கான பட்டியல், நடப்பில் உள்ளவை அனைத்தும், அவற்றோடு இந்தப் பதிவில் ஏற்கெனவே உள்ள ஒன்றும் என்ற நிபந்தனையுடன் எடுக்கப்படவேண்டும்.

மாற்றக்கூடாத தேர்வைப் பூட்டிக் காட்டச் சிலர் பெட்டிக்கு டிசேபிள்டு என்ற பண்பைக் கொடுப்பர். அவ்வாறு முடக்கப்பட்ட பெட்டியின் மதிப்பை உலாவி அனுப்பாது. நிரல் அதை வெறுமை என்று எடுத்துக்கொண்டு, பூட்டிப் பாதுகாக்க எண்ணிய மதிப்பையே அழித்துவிடும். இத்தகைய இடத்தில் பெயரை வெறும் எழுத்தாகக் காட்டிவிட்டு, வழங்கியில் அந்தப் புலத்தைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் புதுப்பிக்கவேண்டும்.